எங்கள் வீட்டுக் கசினோவும் உன் அம்மாவின் மௌனமும்

பதுளை,
புரட்டாசி கடைசி வாரம், மழை விட்ட நேரம்.

ஊவா மலைகள் ஈன்றெடுத்த சீட்டுக்கட்டு அரசியும், கொழும்பு மாநகரில் பச்சைத் துணி விரித்த மேசைக்குப் பின்னால் கறுப்பு மேற்சட்டை போட்டு நிற்பவளும், எனக்கு உள்ள ஒரே அக்காளின் ஒரே மகளுமாகிய செல்வி விதுர்ஷாவுக்கு, பதுளை பஸ் நிலையத்து லொத்தர் டிக்கெட் கடை அதிபரும் உன் தாய்மாமனுமாகிய இந்திரஜித் எழுதிக்கொள்வது. நானும் உன் அத்தை சிவசக்தியும் நலம். என் முழங்கால் நலமில்லை, ஆனால் அது பழைய செய்தி. உன் அம்மா உடம்பால் நலம். வாயால் எப்படி என்பதைச் சொல்லத்தான் இத்தனை தாள் வாங்கினேன். அங்கே உன் நலத்தையும், நின்று நின்று வீங்கிய உன் கால்களின் நலத்தையும் அறிய ஆவல்.

போனில் சொல்லவேண்டியதை மாமா ஏன் ராசா காலத்து ஆள்போலக் கடிதத்தில் எழுதுகிறார் என்று நீ கேட்பாய். என் போன் தற்போது என் வசம் இல்லை. அது யார் வசம் போனது என்பதை நடுவில் சொல்கிறேன். முதலிலேயே சொன்னால் நீ மிச்சத்தைப் படிக்கமாட்டாய், என் கைவலிக்கு மதிப்பில்லாமல் போய்விடும்.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன் கேள். கொழும்பில் ஏதோ ஹோட்டலில் வேலை என்று சொல்லி நீயும் நாளை ஓட்டிக்கொண்டிருந்தாய், நாங்களும் நம்பிக்கொண்டிருந்தோம். சித்திரை வருஷம் கழிந்து, உன்னைப் பக்கரா மேசைக்கு உயர்த்திவிட்டார்கள் என்ற பூரிப்பில் அம்மாவுக்குப் போன் எடுத்து, "அம்மா, நான் கசினோவுல சீட்டு போடுற வேலம்மா, இப்ப ப்ரமோஷன்" என்று ஒரே மூச்சில் உண்மையையும் சந்தோஷத்தையும் சேர்த்துக் கொட்டினாய். இரண்டில் ஒன்றைக் கொட்டியிருக்கலாம். உன் அம்மா அன்றைக்குப் போனை வைத்தவள்தான், பிறகு உன் பெயரை எடுக்கவில்லை. யாராவது கேட்டால் "மக கொழும்புல இருக்கா" என்பாள், அதற்குமேல் கேட்டால் அரிசி களையப் போய்விடுவாள். அவள் களைந்த அரிசிக்கு இந்நேரம் வெலிமடை முழுவதற்கும் அன்னதானம் போட்டிருக்கலாம். நான் ஒரு நாள் மெதுவாக வாயைத் திறந்தேன். "அவ அப்பன் சம்பள நாளுக்கு தோட்டத்து லயத்துக்குப் பின்னால உக்காந்து புடிச்ச அதே சீட்டத்தானே இவளும் புடிக்கிறா? அந்தக் கைய பாத்து நான் பட்டது காணாதா?" என்று கேட்டுவிட்டு உலைமூடியைப் போட்டாள் பார், என் வாய் தானாக மூடிக்கொண்டது. உன் அப்பாவின் சீட்டாட்டத்தில் அவள் எத்தனை சம்பள நாள் வெறும் கோதுமை ரொட்டி சுட்டாள் என்பது எனக்கும் தெரியும். அதனால் அவள் கோபத்தை நான் குறை சொல்லவில்லை.

அப்போதுதான் உன் குரல் பதிவு வந்தது. அழுகையும் கணக்குமாகப் பேசியிருந்தாய். "அம்மா வான்னு ஒரு வார்த்த சொன்னா தீவாளிக்கு வாறேன் மாமா. சொல்லாட்டி லீவ வேற ஆளுக்குக் குடுத்துருவேன். நீங்கதான் எடுத்துச் சொல்லணும்." அந்த ஒரே ஒரு 'வா'வைக் கறப்பதற்காக உன் மாமன் நடத்திய போரை வருங்காலப் பள்ளிக்கூடங்களில் பாடமாக வைப்பார்கள். படைபலம், நான் ஒருத்தன். எதிர்ப்படை, உன் அம்மா. ஆக எதிர்ப்படையின் எண்ணிக்கை என்னைவிடப் பத்தாயிரம் மடங்கு அதிகம்.

என் முதல் ஆயுதம் கணக்கு. எந்த மேசையில் ஆடுகிறவனுக்கு எவ்வளவு நட்டம் என்று நீ விவரமாகச் சொல்லியிருந்ததைக் கடையில் வைத்துக் கேட்டேன். எதிரே கொண்டக்டர் "வெலிமடை வெலிமடை" என்று கூவிய கூவலில் சத்தத்தைக் கூட்டவேண்டியதாயிற்று, ஆகவே பதுளை பஸ் நிலையம் முழுவதும் உன் குரலில் பாடம் கேட்டது. "ரூலெட்டுல சக்கரத்துக்கு ஒரு பூஜ்யம்னா நூறு ரூபா போட்டா சராசரியா ரெண்டே முக்கா ரூபாகிட்ட கசினோவுக்கு மாமா. ரெண்டு பூஜ்யம் இருந்தா அஞ்சே கால். பக்கராவுல பேங்கர் பக்கம் போட்டா ஒண்ணு சொச்சம்தான், ஆனா ரெண்டு பக்கமும் சமமா வரும்னு போட்டா பதினாலு போயிரும். பிளாக்ஜாக்குல புத்தியா வெளையாடுனா அரை ரூபாதான். புத்தியா வெளையாடுற ஆள நான் இன்னும் பாக்கல." கூட்டமே ஆ என்று நின்றது. என்னிடம் வழக்கமாக டிக்கெட் எடுக்கும் ஒரு பெரியவர், "அப்ப ஒங்க லொத்தர்ல நூறு போட்டா எவ்வளவுங்க போகும்?" என்று கேட்டார். எனக்குப் பொய் சொல்ல வராது, அதுதான் என் வியாபாரத்தின் பெரிய குறை. "பாதிகிட்ட போயிரும்" என்றேன். அவர் டிக்கெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், டிக்கெட்டைத் திரும்பச் செருகிவிட்டுப் பக்கத்துக் கடையில் வடை வாங்கினார். வடையில் நூறு ரூபாய்க்கு நூறு ரூபாயும் வயிற்றுக்குத் திரும்பி வருகிறதாம். அன்றிலிருந்து என் கடைப் பக்கம் காக்கை எட்டிப்பார்ப்பதில்லை, வடைக்கடைக்காரர் மாடி கட்ட அஸ்திவாரம் வெட்டுகிறார்.

அந்த நட்டத்தையும் நெஞ்சில் தாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் அதே கணக்கை வைத்தேன். "அக்கா, நீ வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம என்கிட்ட டிக்கெட் எடுக்குறியே, அதவிட நம்ம புள்ள நிக்கிற மேச எவ்வளவோ நியாயமான மேசக்கா" என்றேன். சொல்லிவிட்டு வெற்றி வீரனாகத் தோளைச் சிலுப்பிக்கொண்டேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "நான் டிக்கெட் எடுக்குறது ஓங் கடையில யாவாரம் நடக்கட்டும்னுடா. நம்பர் பாக்கவா எடுத்தேன்? இன்னைக்கு வரைக்கும் ஒண்ணு பாத்திருப்பனா?" என்றாள். விசாரித்தால் உண்மை. அத்தனை டிக்கெட்டையும் கிழிக்காமல் பார்க்காமல் மாவு டின்னுக்கு அடியில் போட்டு வைத்திருக்கிறாள். அதில் ஒன்றாவது விழுந்திருக்குமோ என்று இப்போது எனக்குத் தூக்கம் போய்விட்டது. கணக்கு என்ற ஆயுதம் அன்றோடு முறிந்தது.

இரண்டாவது ஆயுதம் கண்காட்சி. வாயால் சொன்னால் ஏறாதது கண்ணால் பார்த்தால் ஏறும் என்று, ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நம் வீட்டு முன்னறையிலேயே ஒரு கசினோவைத் திறந்தேன். உன் வேலையில் களவு இல்லை, வெறி இல்லை, ஒழுங்குதான் இருக்கிறது என்று உன் அம்மா தன் கண்ணால் காணவேண்டும், அதுதான் திட்டம். உன் அத்தையின் சீதனத் தாம்பாளத்தைக் கவிழ்த்த சிரட்டையின்மேல் வைத்தேன், ரூலெட் சக்கரம் தயார். விற்காமல் கிடந்த லொத்தர் டிக்கெட்டிலிருந்து எண்களை வெட்டிச் சோற்றுப் பசையால் சுற்றிலும் ஒட்டினேன். பூஜ்யம் பச்சையாக இருக்கவேண்டும் என்று சொல்லியிருந்தாய், ஆகவே அந்த இடத்தில் ஒரு கறிவேப்பிலை. உருளுவதற்கு ஒரு கொட்டைப்பாக்கு. பந்தயப் பணத்துக்கு வறுத்த கச்சான் கடலை. உலகத்தின் பெரும் பெரும் கசினோக்காரர்கள் பார்த்திருந்தால் வெட்கத்தில் தொழிலை விட்டுவிட்டுக் கச்சான் வறுக்கப் போயிருப்பார்கள்.

ஆடுவதற்கு ஆள் வேண்டுமே. உன் அத்தை உடனே சம்மதித்தாள், கச்சான் அவள் வறுத்தது. பக்கத்துப் புடவைக் கடை ஸஹாப்தீன் நானாவைக் கூப்பிட்டேன். "சூது நமக்கு ஆகாது தம்பி. கச்சானா இருந்தாலும் வைக்க மாட்டேன். சும்மா பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றார். மேசைக்குமேல் கூரையில் எப்போதும் கேமரா பார்த்துக்கொண்டிருக்கும் என்று நீ சொன்னது நினைவுக்கு வந்தது. நானாவைத் தூக்கிச் சாப்பாட்டு மேசைமேல் ஒரு முக்காலி போட்டு உட்கார வைத்து, அவரையே கேமராவாக நியமித்தேன். அவரும் பொறுப்பான மனிதர், கண்ணை இமைக்காமல் பார்த்தார், ஆனால் கையும் சும்மா இருக்கவில்லை. "கேமரா கச்சான் தின்னுமா நானா?" என்றேன். "பாக்குற வேலையும் வேலதானே, பசிக்காதா?" என்றார். கசினோவின் பங்கு நூற்றுக்கு இரண்டே முக்கால், கேமராவின் பங்கு நூற்றுக்கு நாற்பது. இப்படி ஒரு கேமரா இருந்தால் உங்கள் முதலாளி மூன்றே நாளில் நம் கோவில் வாசலில் நிற்பார்.

உன் அம்மா மட்டும் அடுப்படியை விட்டு வரவில்லை. ஆனால் காது முன்னறையில்தான் இருந்தது, நான் ஒரு விளக்கம் சொன்னால் அங்கே ஒரு பானை பேசியது.

முதலில் ரூலெட். மகளே, ரசனைக்கு அதை அடிக்க இன்னொரு ஆட்டம் பிறக்கவில்லை. பாக்கு சுற்றுகிற அந்த நேரத்துக்கு ஏழை பணக்காரன் கிடையாது, எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு தங்கள் எண்ணை மாத்திரம் நினைக்கிறார்கள், என் முழங்கால் வலிகூட நின்று பார்த்தது. உன் அத்தை எங்கள் கல்யாணத் திகதி என்று ஏழிலேயே வைத்தாள், ஏழைத் தவிர எல்லாம் வந்தது. "இதுலயும் ஒங்களால ஒரு புண்ணியமும் இல்ல" என்றாள். அடுத்த சுற்றுக்கு நான் வீரத்தைக் கூட்டிச் சுழற்றியதில் தாம்பாளம் சிரட்டையை விட்டுக் கிளம்பியது, பாக்கு மேலெழும்பிக் கேமராவின் நெற்றியைத் தட்டி, சுவரைத் தட்டி, உருண்டு உருண்டு அடுப்படி வாசலைத் தாண்டி உன் அம்மாவின் காலடியில் போய் நின்றது. அவள் விளக்குமாற்றை எடுத்து அதைக் குப்பையோடு கூட்டி வாசலுக்கு வெளியே தள்ளினாள். ரூலெட் அத்தோடு முடிந்தது.

அடுத்தது பிளாக்ஜாக். இருபத்தொன்றைத் தாண்டாமல் கிட்டப் போகிறவருக்கு வெற்றி. கணக்குப்படி ஆடுகிறவனுக்கு எல்லாவற்றிலும் நல்ல மேசை அதுதான், எங்கே நிற்பது என்று தெரிந்திருந்தால். உன் அத்தைக்கு எந்தக் காலத்தில் எதில் நிற்கத் தெரிந்தது? கையில் பத்தொன்பது. "போதும் சக்தி" என்கிறேன். "ஏன், இன்னொண்ணு போட்டா கொறஞ்சா போயிருவீங்க? கைய இழுத்துப் புடிக்கிற பழக்கம் ஒங்களுக்குச் சீட்டுலயும் போகல" என்கிறாள். போட்டேன், எட்டு விழுந்து தோற்றாள், தோற்றது என்னால் என்றாள். இந்த இடத்தில் நான் அடுப்படிக்குக் கேட்கும்படி தொண்டையைத் திறந்தேன். "இங்க பாருங்க, சீட்டு போடுற ஆளுக்குச் சொந்த விருப்பமே கெடையாது! பதினாறு வரைக்கும் எடுத்துத்தான் ஆகணும், பதினேழுன்னா நின்னுதான் ஆகணும்! யாரு தோத்தாலும் அவ எடுக்குறதில்ல, யாரு ஜெயிச்சாலும் அவ குடுக்குறதில்ல! அவளுக்கு மாசச் சம்பளம் மட்டுந்தான்!" அடுப்படியில் பானை ஒரு கணம் நின்றது. என் இதயம் பூரித்தது. பிறகு அம்மிக்கல் பேசத் தொடங்கியது.

அப்போதுதான் முருகன் வந்தார். நம் வீட்டுச் சீட்டுக்கட்டில் ஒரு ராஜாவைக் காணவில்லை என்று, பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றிலிருந்த முருகன் படத்தை அளவாக வெட்டிச் சேர்த்து வைத்திருந்தேன். அந்த முருகன் உன் அத்தைக்கு விழுந்தார். "ராஜாவுக்குப் பத்து" என்றேன். உன் அத்தை சீட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு எழும்பினாள். "முருகனுக்குப் பத்துதானா? அந்த ஏஸுக்கு மட்டும் பதினொண்ணா?" என்றாள். அது விதி என்றேன், கொழும்பிலும் அப்படித்தான் என்றேன், உலகம் முழுக்க அப்படித்தான் என்றேன். "உலகத்துல எங்க முருகனப் போட்டு வெளையாடுறாங்க?" என்று கேட்டாள். முருகன் எத்தனை வேண்டுமோ அத்தனையாக எண்ணப்படுவார் என்று விதியைத் திருத்தினேன், அதற்குப் பிறகு அவள் தோற்கவில்லை. கச்சான் முழுக்க அவள் பக்கம் குவிந்தது, கசினோ திவாலானது.

திவாலான கையோடு உன் சொந்த ஆட்டமான பக்கராவுக்குப் போனேன். சோம்பேறி ராஜாக்களுக்கென்றே செய்த ஆட்டம் அம்மா அது! யோசிக்க ஒன்றும் இல்லை. பிளேயர், பேங்கர் என்று இரண்டு பக்கம், ஒன்பதுக்குக் கிட்ட வருகிற பக்கம் வெற்றி, எந்தப் பக்கம் என்று சொல்லிவிட்டுக் காலை நீட்டிக்கொள்ளலாம். அதற்குப் பெரிய மனிதர்கள் சீட்டின் மூலையை மெல்ல மெல்ல மடித்துப் பார்ப்பதையும், எண் மாறிவிடும் என்று அதன்மேல் ஊதுவதையும் நீ சொல்லி நான் நம்பவில்லை. உன் அத்தை கச்சான் தோலை ஊதிக்கொண்டே சீட்டையும் ஊதியபோது நம்பினேன். எல்லாம் நன்றாகத்தான் போனது, திரும்பவும் முருகன் விழும்வரைக்கும். பக்கராவில் ராஜாவுக்கு எவ்வளவு என்று உனக்குத் தெரியும். நான் வாயைத் திறக்காமல் இருந்திருக்கவேண்டும். "பூஜ்யம்" என்றேன்.

"என்னது?"

"விதி சக்தி, விதி. ராஜா ராணிக்கெல்லாம் பக்கராவுல பூஜ்யம்."

"முருகனுக்குப் பூஜ்யம்னு எந்த வாயால சொன்னீங்க? நானா, நீங்க கேட்டீங்களா?"

"நான் கேமராம்மா. எனக்குக் கண்ணு மட்டுந்தான், காது இல்ல" என்றார் ஸஹாப்தீன் நானா, வாய் நிறையக் கச்சானோடு.

உன் அத்தை முருகனை எடுத்துப்போய்ச் சாமித் தட்டில் வைத்துச் சூடம் கொளுத்தினாள். அந்த முருகன் இனிச் சீட்டுக்கட்டுக்குத் திரும்பமாட்டார். என் கசினோ இப்படி இழுத்து மூடப்பட்டது. அக்காவின் மனம் ஓர் அங்குலம் அசையவில்லை. எனக்கும் உள்ளுக்குள் சுருங்கிவிட்டது மகளே, விளையாட்டாகச் சொல்லவில்லை. இனி உன்னிடம் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே சீட்டுகளை ஒதுக்கிவிட்டு எழும்பினேன். எழும்பும்போது, நீ சொல்லித் தந்த முறை ஒன்று மிச்சம் இருக்கிறதே, அதையும் செய்துவிடுவோம் என்று தோன்றியது. மேசையை விட்டு நகரும் ஆள் இரண்டு கையையும் தட்டவேண்டும், உள்ளங்கையை விரித்துக் கேமராவுக்குக் காட்டவேண்டும், புறங்கையைத் திருப்பிக் காட்டவேண்டும் என்றாயே. தட்டினேன், நானாவைப் பார்த்து விரித்தேன், திருப்பினேன்.

அம்மிச் சத்தம் நின்றது. உன் அம்மா கையில் அரைத்த தேங்காயோடு வாசலில் நின்றாள்.

"டேய். இன்னொருக்கா செய்."

செய்தேன்.

"இதத்தானே அவ பொங்கலுக்கு வந்து செஞ்சா?" என்றாள். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. பொங்கலுக்கு வந்திருந்தபோது பானையை இறக்கி வைத்துவிட்டு எழும்பும் போதெல்லாம் நீ கையைத் தட்டி விரித்துக் காட்டிவிட்டுத்தான் நகர்ந்தாய். பாய் விரித்துவிட்டும் காட்டினாய், எனக்குத் தேத்தண்ணி தந்துவிட்டும் காட்டினாய். பிள்ளையை ஏதோ பிடித்துவிட்டது என்று உன் அம்மா கோவிலுக்குப் போய் நூல் மந்திரித்துக் கட்டிவிட்டாள், நீ "பழக்கம்மா" என்று சிரித்து மழுப்பினாய்.

"ஏன்டா அப்பிடிக் காட்டணும்?" என்று கேட்டாள்.

"மேசையில கெடக்குற காசு வில்லைய கையில மறைக்கலைன்னு காட்டத்தான்க்கா. போறப்ப வாறப்ப எல்லாம் காட்டணும். தண்ணி குடிக்கப் போனாலும் காட்டணும்."

அவள் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள், என் கையை அல்ல, தன் கையை. பிறகு சொன்னாள்: "தெமோதரயில தேயில ஸ்டோர்ல தூளு சலிக்கிற வேலைக்கு நின்னனே, வெளிய வாறப்ப வாச்சர் நிப்பான். மடிய ஒதறணும். கையத் தட்டணும், தூளு ஒட்டியிருக்கக் கூடாதுல்ல. பொறவு இப்பிடி விரிச்சு, இப்பிடித் திருப்பிக் காட்டணும். ஒரு நாள் தப்பாது. இவ பள்ளிக்கூடம் விட்டு வந்து என்னையக் கூட்டிப்போக கேட் வாசல்லயே நிப்பா. நான் கையக் காட்டுறத புள்ள பாத்துறக் கூடாதுன்னு, பிலாமரத்துக்கு அந்தப் பக்கம் நில்லுடின்னு சொல்லி வச்சிருந்தேன்."

கேமராகூடக் கச்சானை மெல்லாமல் வாயில் வைத்துக்கொண்டிருந்தது.

"அவ அப்பன் கைன்னு நெனச்சிட்டேன்டா," என்றாள் உன் அம்மா. "அது அவ அப்பன் கை இல்ல. என் கை."

இந்த இடத்தில் ஒரு பெரிய வசனம் பேசவேண்டும் என்று நானும் வாயைத் திறந்தேன். அதற்குள் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. நல்லவேளை, உன்மேல் இல்லை. "எம் புள்ள கையில களவு இருக்கான்னு பாக்குறதுக்கு எவன்டா அவன், மேல உக்காந்திருக்கிறவன்?" என்று எழும்பினாள். மேலே உட்கார்ந்திருந்தது ஸஹாப்தீன் நானா. "அக்கா, நான் சும்மா கேமராக்கா, நம்ம வீட்டுக் கேமரா!" என்று கும்பிட்டுக்கொண்டே முக்காலியோடு சரிந்து பக்கத்தில் கிடந்த கட்டிலில் விழுந்தார். அவருக்கு ஒன்றும் இல்லை. கட்டிலுக்கு ஒரு கால் போய்விட்டது, என் முழங்காலுக்கு ஒரு துணை கிடைத்தது.

அதன் பிறகு கேள்விமேல் கேள்வி. நீ நின்றுகொண்டேதான் வேலை செய்கிறாயா, உட்கார முக்காலி கொடுப்பார்களா, தோற்கிறவன் ஏசினால் பதிலுக்கு ஏசலாமா, ஏசக்கூடாது என்றால் அந்த ஏச்சை எங்கே கொண்டுபோய் வைப்பது, சாப்பாடு சூடாகக் கிடைக்குமா. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததை இன்னும் விரிவாகச் சொன்னேன். "அவ பேசுனத போடு" என்றாள். உன் குரல் பதிவைப் போட்டேன். முடிந்ததும் "இன்னொருக்கா" என்றாள். பிறகு போனை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனவள்தான், போன் இன்றுவரை திரும்பவில்லை. இப்போது நம் வீட்டில் விடிந்ததும் சாமிப் பாட்டுக்குப் பதிலாக "ரூலெட்டுல ஒரு பூஜ்யம்னா ரெண்டே முக்கா" என்று உன் குரல்தான் கேட்கிறது. அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் பேங்கர் பக்கத்துக் கணக்கு மனப்பாடம். அழுகிற இடம் வரும்போது மட்டும் சத்தத்தைக் குறைத்துவிடுகிறாள்.

ஆனால், மகளே, அந்த ஒரு வார்த்தையை இன்னும் சொல்லவில்லை. அதை மறைத்து உனக்கு எழுத எனக்கு மனமில்லை. தீபாவளி எப்போது என்று நாட்காட்டியைப் பார்த்தாள், பலகாரத்துக்குப் பயறு வறுத்தாள், வாயை மட்டும் திறக்கவில்லை. "வான்னு ஒரு வார்த்த சொல்லேன்க்கா" என்று கேட்டால் அரிசி களையப் போகிறாள், என்ன, முன்னைவிட மெதுவாகக் களைகிறாள். ஆகவே ராஜதந்திரியாகிய நான் உனக்கு இடும் கட்டளை இது. நீ அவசரப்பட்டுப் போன் எடுக்காதே, லீவையும் யாருக்கும் விட்டுக்கொடுக்காதே. வருகிற ஞாயிறு தாயக்கட்டையை வைத்து இன்னொரு கண்காட்சி நடத்த ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறேன். சிறிது, பெரிது என்று ஒரு ஆட்டம் சொன்னாயே, அது முருகன் வராத ஆட்டம், ஆகவே பயமில்லை. அந்த வெற்றிக்குப் பிறகு அவள் வாயிலிருந்து 'வா' வருவது உறுதி, அதற்கு நானே பேங்கர். அதுவரைக்கும் எல்லாவற்றையும் உன் மாமனின் சாணக்கியத்தில் விட்டுவிட்டு நிம்மதியாக இரு.

உன் சீட்டுகள் வழுக்காமல் இருக்கட்டும், உன் கால்கள் வீங்காமல் இருக்கட்டும், தோற்றுப்போகிற பெரிய மனிதர்கள் உன்னை ஏசாமல் எழும்பிப் போகட்டும், நல்ல மனதுள்ள கேமரா ஒன்று உனக்கு மேலே அமையட்டும் என்று பதுளையிலிருந்து வாழ்த்தும்,

உன் தாய்மாமன்
இந்திரஜித்
(லொத்தர் கடை, தற்போது வாடிக்கையாளர் இல்லை)

பி.கு.: மேலே சொன்ன கட்டளைகளில் ஒன்றையும் நிறைவேற்றாதே. உறையை ஒட்டும்போது உன் அம்மா வந்து வாங்கி முழுவதையும் படித்தாள். "தாயக்கட்டையெல்லாம் வேணாம், கொண்டா" என்று கடிதத்தைப் பறித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். காலை ரயிலுக்குக் கிளம்பிவிட்டாள், கடிதத்தை ஒரு நிமிஷத்துக்குத் திரும்பக் கேட்டு வாங்கி, இந்த வரிகளை ஸ்டேஷனில் உட்காரும் வாங்கில் வைத்து அவசரமாக எழுதுகிறேன். ஏனக்கா வா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதாதா என்றேன். "புள்ளைய வரச் சொல்றதுக்கு நான் யாருடா, கோவிச்சவ நான்தானே, நான்தான் போகணும்" என்கிறாள். நம் நாட்டு ஆட்கள் கசினோவுக்குள் போகக் கட்டணம் உண்டு என்று சொல்லிப் பார்த்தேன். "மகளப் பாக்க டிக்கெட்டா?" என்று அவள் கேட்ட கேள்வியில் ஸ்டேஷன் மாஸ்டரே திரும்பிப் பார்த்தார். உள்ளே வரமாட்டாளாம், வேலையாட்கள் வெளியே வரும் பின்வாசலில் நிற்பாளாம். ஆகவே நீ இதைப் படிக்கிறாய் என்றால் அவளைப் பார்த்தாயிற்று. வாசலுக்கு நேரே வராமல் சுவருக்கு அந்தப் பக்கம் ஏன் மறைந்து நின்றாள் என்று நீ யோசித்திருப்பாய். நீ கையைத் தட்டிக் காட்டிவிட்டு வருவதை அவள் பார்க்கக்கூடாதாம்.

என் போன் அவள் பையில் இருக்கிறது, அதைத் திருப்பி அனுப்பு. அனுப்பாவிட்டாலும் பரவாயில்லை. ஒன்று மட்டும் கவனம் மகளே, பழக்க தோஷத்தில் அவளுக்கு முன்னால் கையை விரித்துக் காட்டிவிடாதே. மூன்று டின் பலகாரத்தோடு வந்திருக்கிறாள், வெறுங்கையைக் கண்டால் நிறைக்காமல் விடமாட்டாள்.